கட்டியின் விளிம்பில் கற்றது

வாய்ப் புற்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது புற்றுச் செல்கள்தான். தீவு தீவாக, அடர்ந்த நிறத்தில், ஒழுங்கு குலைந்து கிடக்கும். தீவுகளுக்கு நடுவே நாரிழைத் திசு ஓடும். அதற்குள் சிறிய கருநீலப் புள்ளிகள் சிதறியிருக்கும். அந்தப் புள்ளிகள் நம் உடல் அனுப்பிய நோயெதிர்ப்புச் செல்கள். கட்டியைக் கொல்ல வந்தவை அவற்றில் உண்டு; வந்து ஓய்ந்துபோனவை உண்டு; கட்டிக்கே காவலாகிவிட்டவையும் உண்டு. எது எது என்று பிரித்துப் படிக்கக் கற்றதே என் முதுநிலைப் படிப்பின் பெரும்பகுதி.

பல் மருத்துவம் முடித்துவிட்டு, சென்னையில் வாய் நோய்க்குறியியல் பிரிவில் எம்.டி.எஸ். சேர்ந்தேன். “அப்போ நீ பல்லே புடுங்க மாட்டியா?” என்று அத்தை கவலையோடு கேட்டார். நோயாளியின் வாயிலிருந்து வரும் துண்டைப் பார்த்து, அது என்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியபோது எங்கள் பேராசிரியர் (மேடம் என்றே இங்கும் சொல்கிறேன்) வாய்ப் புற்றைச் சுற்றியுள்ள எதிர்ப்புச் செல்களை எண்ணச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார். “எண்ணப் போறவதான் வெட்டணும், சாயமும் ஏத்தணும். அடுத்தவங்க செஞ்சு குடுத்த ஸ்லைடை எண்ணிட்டு வராதே.” மற்றக் கல்லூரித் தோழிகள் துண்டுகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வழி அடைபட்டது. அப்போது அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

தலைப்பின் காரணத்தை மேடமே ஒரு மதியம் பலகையில் எழுதி விளக்கினார். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை செதிள் செல்லில் தொடங்குபவை. மேலை நாடுகளில் டான்சிலிலும் நாக்கின் வேர்ப்பகுதியிலும் வரும் புற்றுகளில் பலவற்றுக்கு ஹெச்.பி.வி. வைரஸ் காரணம், அந்தக் கட்டிகளுக்குள் எதிர்ப்புச் செல்கள் பொதுவாக நிறைய இருக்கும். நம் ஊரில் வருவது வேறு. புகையிலையையும் பாக்கையும் அடக்கிவைக்கிற கன்னத்திலும் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட மடிப்பிலும் வருவதே இங்கு அதிகம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் திட்டவட்டமாகச் சொன்னது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வாய்ப் புற்று புதிதாகக் கண்டறியப்படுகிறது.

எதிர்ப்புப் படையின் டி செல்களில் ஒரு வகைக்கு நேரடியாகக் கொல்லும் திறன் உண்டு. அதன் மேற்பரப்பில் பிடி-1 என்றொரு தடைப்புரதம் இருக்கிறது. 1992இல் ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் அதைக் கண்டறிந்தது. கட்டி தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு அந்தத் தடையை அழுத்துகிறது. டி செல் ஓய்ந்துவிடுகிறது. இந்த அழுத்தத்தை விலக்கும் நிவோலுமேப், பெம்ப்ரோலிசுமேப் மருந்துகள் 2016இல் தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இத்தகைய தடைகளை விலக்கும் வழிக்காக 2018இல் ஹோன்ஜோவுக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. “ஆனா நிவோலுமேப் ஆய்வுல கட்டி சுருங்கினது நூத்துக்கு ஏறக்குறைய 13 பேருக்குத்தான்” என்று மேடம் அந்த எண்ணின் கீழ் கோடு போட்டார். “மத்தவங்களுக்கு ஏன் சுருங்கல? கட்டியைச் சுத்தி யார் நிக்கிறாங்க, எங்க நிக்கிறாங்கன்னு பார்த்தாத்தான் அதுக்குப் பதில் தேட முடியும்.”

யார், எங்கே என்ற இரண்டு சொற்களும் அன்று எனக்குச் சமமாகத்தான் கேட்டன.

வேலை மைக்ரோடோமில் தொடங்கியது. மெழுகில் பதித்த திசுவைச் சீவும் கருவி அது. வலது கையில் சக்கரம், இடது கையில் தூரிகை. சக்கரம் ஒரு சுற்று வந்தால் மெழுகுக் கட்டை ஒருமுறை கத்தியில் இறங்கி ஏறும்; ஒரு சீவல் விழும். அதன் கனம் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் ஒரு பங்கு. இதைக் கற்றுக்கொடுத்தவர் ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர். நாங்கள் அவரை அண்ணா என்போம். அவர் என்னை “டாக்டரம்மா” என்பார். அதில் மரியாதை கொஞ்சம், கிண்டல் கொஞ்சம்.

என் சீவல்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் விழுந்தன. சில சுருண்டன. சிலவற்றில் நெடுகக் கீறல். அண்ணா திரும்பிப் பார்க்காமலே “அழுத்துறீங்க” என்பார். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும். சரியாக வெட்டும்போது மெல்லிய, சீரான உரசல் மட்டும் கேட்கும். நான் வெட்டும்போது நடுவில் ‘டக்’ என்றொரு தட்டல் கேட்டது. வாய்ப் புற்றில் கெரட்டின் முத்துகள் இருக்கும். நகத்தில் இருக்கிற அதே கடினப் புரதம் கட்டிக்குள் உருண்டையாகத் திரண்டது. மெத்தென்ற திசுவில் ஓடிவந்த கத்தி அந்த உருண்டையில் இடித்து எகிறும். அந்த இடத்தில் சீவல் கிழியும். என் ஆய்வுக்கு வேண்டிய எதிர்ப்புச் செல்கள் பெரும்பாலும் அந்த உருண்டைகளைத் தாங்கிய தீவுகளின் ஓரத்தில்தான் இருந்தன. கிழிந்ததும் அந்த ஓரமே.

“கட்டையை ஐஸ்ல கவுத்து வைங்க. அவசரப்படாதீங்க” என்றார் அண்ணா. குளிர்ந்தால் மெழுகு இறுகித் திசுவின் கடினத்துக்கு ஈடாகும். ஈரம் உள்ளிறங்கிக் கெரட்டின் சற்று இளகும். ஆனால் ஐஸிலிருந்து எடுத்த கட்டை சென்னை வெயிலில் நொடியில் சூடேறி விரியும். விரிந்தால் அடுத்த சீவல் தடிக்கும். மின்விசிறியும் போட முடியாது, சீவல் பறந்துவிடும். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூச்சைக் கொஞ்சம் பிடித்து, சக்கரத்தை ஒரே வேகத்தில் விட வேண்டும். “நீங்க சுத்தாதீங்க டாக்டரம்மா. அதோட கனத்துல அது சுத்தும். கை கூடப் போனா போதும்.” இந்த வாக்கியத்தை அவர் முதலில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. மாதங்கள் கழித்து ஒரு நாள் தோள் இறுக்கம் தானாகத் தளர்ந்து, மணிக்கட்டு மட்டும் அசைந்தது. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீண்டன. அண்ணா அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. “ம்” என்றார்.

நாடாவை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கிக் கண்ணாடியில் ஏந்த வேண்டும். நீர் மெழுகின் உருகுநிலைக்குக் கீழே, 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் மடிப்பு போகாது. கூடினால் திசு பரந்து செல்கள் விலகிவிடும். மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் இரட்டிப்பாகத் தேங்கும். எண்ண வருபவர் அதைத் தீவிரமான எதிர்வினை என்று நினைத்துக்கொள்வார். வெட்டுகிறவளே எண்ண வேண்டும் என்று மேடம் ஏன் சொன்னார் என்பது இங்கே பாதி புரிந்தது.

அடுத்தது சாயம். சாதாரண ஹெமட்டாக்ஸிலின், இயோசின் சாயத்தில் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி நீலப் புள்ளிகள்தான். எந்தப் புள்ளி எந்த வகை என்று அறிய, அந்தந்த வகைக்கு உரிய புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அது ஒட்டிய இடத்தில் நொதி ஒன்றை ஏற்றி, இறுதியில் டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளை விட்டால் பழுப்பு நிறம் தோன்றும். கொல்லும் டி செல்லுக்கு சிடி8. பழுப்பு நிறம் நீல உட்கருவைச் சுற்றி வளையமாக நிற்கும். படையை அடக்கிவைக்கும் டி செல்லுக்கு ஃபாக்ஸ்பி3. பழுப்பு உட்கருவுக்குள்ளேயே இருக்கும். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் இந்த அடக்கும் செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் போனது. விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜுக்கு சிடி68.

ஃபார்மலின் திசுவின் புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சிட்டுவிடுகிறது. ஆன்டிபாடி உள்ளே நுழைய இடமிருக்காது. சூட்டால் அந்த முடிச்சைத் தளர்த்தலாம் என்று 1991இல் காட்டினார்கள். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு இருந்தது சமையலறைக் குக்கர்தான். ஸ்லைடுகளைக் கரைசலில் மூழ்க வைத்து, விசில் கேட்டு, நேரம் பார்த்து இறக்க வேண்டும். குக்கரைக் குழாயடியில் வைத்துச் சட்டென்று குளிர்வித்தால் திசு கண்ணாடியை விட்டுக் கிளம்பிவிடும். ஐஸும் கத்தியுமாகப் பாடுபட்டு எடுத்த சீவல், கரைசலின் மேல் கசங்கி மிதப்பதைப் பலமுறை பார்த்தேன். தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஒட்டியிருந்த ஸ்லைடுகளிலும் ஏமாற்றம் காத்திருந்தது. ஒரு தொகுதி முழுக்கப் பழுப்பு மழை. எங்கு பார்த்தாலும் நிறமேறிய செல்கள். கட்டிக்கு இவ்வளவு எதிர்ப்பா என்று மகிழ்ந்து மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் லென்ஸை மாற்றி ஒரே செல்லை நடுவில் நிறுத்தினார். “உட்கருவைப் பாரு.” உட்கரு இரண்டு மடலாகப் பிரிந்திருந்தது. டி செல்லுக்கு அப்படி இருக்காது, அது இயோசினோஃபில். வாய்ப் புற்றில் அவை ஏராளம். அவற்றுக்குள் இயல்பாகவே உள்ள பெராக்ஸிடேஸ் நொதி, ஆன்டிபாடி இல்லாமலே டி.ஏ.பி.யைப் பழுப்பாக்கிவிடும். அதை முடக்கத்தான் முன்னதாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றுகிறோம். அலமாரியில் இருந்த புட்டி எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, வீரியம் போயிருந்தது. தொகுதி முழுவதும் வீண். அன்றிலிருந்து எந்தப் புட்டியைத் திறந்தாலும் தேதி எழுதாமல் மூடியதில்லை.

இன்னொரு நாள் மேடம் ஒரு ஸ்லைடை நீட்டி, பெயர்ச்சீட்டை விரலால் மறைத்துக்கொண்டு, “எத்தனை பாசிட்டிவ், எண்ணு” என்றார். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே கொத்துக்கொத்தாகப் பழுப்புச் செல்கள். எண்ணிச் சொன்னேன். விரலை எடுத்தார். அது ஆன்டிபாடியே ஊற்றாத ஸ்லைடு. ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு தொகுதியிலும் வெறுமனே வைக்கப்படுவது. நான் எண்ணியது மெலனின். நம் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இயல்பாகவே கருமை படிந்தவை. அழற்சி வந்தால் நிறமித் துகள்கள் கீழே சிந்தும், மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கி நிற்கும். பாடநூல்களில் வெளுத்த வாய்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது. மெலனின் துகள்கள் பருமனாக, மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பில் இருக்கும், டி.ஏ.பி.யின் பழுப்பு சீராகப் படர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் சிவப்பு நிறம் தரும் வேதிப்பொருளுக்கு மாற வேண்டும். அல்லது பின்னணிக்கு ஜியெம்சா சாயம் கொடுத்தால் மெலனின் பச்சை கலந்த நீலத்துக்கு மாறிவிடும், டி.ஏ.பி. பழுப்பாகவே நிற்கும். “நம்ம நோயாளியோட வாய் எப்படி இருக்கும்னு தெரியாம நம்ம நோயாளியோட ஸ்லைடைப் படிக்க முடியாது” என்றார் மேடம்.

கைக்குக் கிடைத்த பாடங்களில் மிகக் கடினமானது இதற்குப் பின்பு வந்தது. ஒரு கட்டியில் சிடி8 செல்கள் துண்டின் வெளி ஓரத்தில் மட்டும் நிற்க, நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. கட்டிக்குள் நுழைய முடியாமல் எதிர்ப்புச் செல்கள் வெளியே நிற்கும் நிலையைப் பற்றிக் கட்டுரைகளில் நிறையப் படித்திருந்தேன். அதற்கு அழகான உதாரணம் கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதி, படமும் எடுத்துவைத்தேன். மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, “விமென்டின் போட்டுப் பாரு” என்று மட்டும் சொன்னார். விமென்டின் நாரிழைச் செல்லிலும் ரத்தக் குழாயிலும் எங்கும் இருக்கும் புரதம். துண்டு முழுவதும் நிறம் ஏறியாக வேண்டும். என் ஸ்லைடில் அதுவும் ஓரத்தில் அழுத்தமாகவும் நடுவில் வெளிறியும் இருந்தது. நடுவில் எதிர்ப்புச் செல்கள் இல்லை என்பதல்ல. நடுப்பகுதியின் புரதமே கெட்டுப்போயிருந்தது.

காரணம் தேடி ஃபார்மலின் பாட்டில்வரை போனோம். துண்டு பெரியது, பாட்டில் சிறியது. திசுவின் கொள்ளளவுக்குப் பத்து மடங்காவது ஃபார்மலின் வேண்டும். இதில் துண்டு நனைந்ததே பெரிது. சரியாக ஊறிய திசுவை அழுத்தினால் விரலை எதிர்த்து நிற்கும். குறுக்கே வெட்டினால் ஓரமும் நடுவும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். இதில் மிச்சமிருந்த பகுதியை வெட்டியபோது ஓரம் விறைத்திருந்தது, நடுவில் கத்தி வழுக்கியது. கட்டியின் இயல்பு என்று நான் எழுதிவைத்தது பாட்டிலின் இயல்பு. அந்தப் பக்கத்தை மேடம் கிழிக்கவிடவில்லை. குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டு, கீழே காரணத்தை எழுதச் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் நுண்ணோக்கியில் உட்கார்ந்து மதிப்பிட அனுமதி கிடைத்தது. அதிலும் பெரிய லென்ஸ்களைத் தொடக்கூடாது. மிகச் சிறிய உருப்பெருக்கத்தில் ஸ்லைடு முழுவதையும் பார்த்து, கட்டியின் எல்லையைத் தாளில் வரைய வேண்டும். என் படங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. புண்ணாகிவிட்ட மேற்பரப்பின் கீழே எதிர்ப்புச் செல்கள் குவிந்திருப்பதைக் கட்டிக்கு எதிரான கூட்டம் என்று குறித்தேன். “அது புண்ணுக்கு வந்தது. புற்றுக்கு வந்தது இல்ல” என்று மேடம் அந்தப் பகுதியை அடித்தார். முன்பு பயாப்ஸி எடுத்த தழும்பின் ஓரத்தை அடித்தார். உமிழ்நீர்ச் சுரப்பியைச் சுற்றிய அழற்சியை அடித்தார். டான்சில் கட்டி ஒன்றில் நான் மகிழ்ந்து குறித்த பெரிய கூட்டத்தையும் அடித்தார். டான்சிலே எதிர்ப்புச் செல்களின் வீடு, கட்டி வருமுன்பே அவை அங்கு குடியிருந்தவை.

அடித்தது போக மிஞ்சியதுதான் வேலை செய்யும் களம்: தீவுகளின் உள்ளே, தீவுகளை ஒட்டிய நாரிழைத் திசு, திசுவுக்குள் கட்டி முன்னேறிச் செல்லும் முனை. அந்த நாரிழைப் பரப்பில் நூற்றுக்கு எவ்வளவு பங்கை லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் நிரப்பியிருக்கின்றன என்று கண்ணளவில் மதிப்பிட வேண்டும். சீழ்ச் செல்களான நியூட்ரோஃபில்கள் சேராது. அழுகிய பகுதி சேராது. 2017இல் பன்னாட்டு நோய்க்குறியியல் குழு ஒன்று எல்லாத் திடக் கட்டிகளுக்கும் பொதுவாக வகுத்த முறை இது. நான் எப்போதும் கூட்டிச் சொன்னேன். கண் செறிவான இடத்துக்கே ஓடியது. மேடம் சொன்ன வழி எளிது: வெறுமையான இடத்தை முதலில் பார், அது எவ்வளவு என்று சொல், மீதியை அப்புறம் பேசலாம்.

அப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் ‘எங்கே’ என்ற சொல் எடை கூடியது. ஒரு கட்டியைச் சுற்றி சிடி8 செல்கள் அடர்ந்து நின்றன. இந்த முறை விமென்டின் எங்கும் சீராக ஏறியிருந்தது. ஆனால் தீவுகளுக்குள் ஒரு வளையம்கூட இல்லை. தேரிழுக்க வந்த ஊர் முழுவதும் வீதியோரம் நின்றுகொண்டு வடத்தை யாரும் தொடாத கதை. தலையெண்ணிக்கையை மட்டும் எழுதினால் இது வலிமையான எதிர்ப்பு. நின்ற இடத்தை எழுதினால் இது எதிர்ப்பே இல்லை. அவற்றை வெளியே நிறுத்துவது எது என்று மேடம் காட்டினார். கட்டி தன்னைச் சுற்றியுள்ள நாரிழைச் செல்களைப் பழக்கி, தடித்த கொலாஜன் கட்டுகளைத் தீவுகளைச் சுற்றிப் போட வைக்கிறது. இயோசினில் வெளிர்சிவப்பாகத் தெரியும் அந்தக் கட்டுகளை அதுவரை நான் வெறும் பின்னணி என்றே கடந்துபோயிருந்தேன்.

கடைசிப் பாடம் சி.பி.எஸ். என்ற மதிப்பெண். தலை, கழுத்துப் புற்றில் பிடி-எல்1 எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்வது. நிறமேறிய புற்றுச் செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 200 புற்றுச் செல்களில் 20 நிறமேறி, கூடவே 10 எதிர்ப்புச் செல்களும் நிறமேறியிருந்தால் மதிப்பெண் 15. வகுக்கும் எண்ணில் எதிர்ப்புச் செல் வராது. நான் அதையும் சேர்த்தே வகுத்துக்கொண்டிருந்தேன். ஸ்லைடில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல் இல்லாவிட்டால் மதிப்பெண்ணே கொடுக்கக்கூடாது. புற்றுச் செல்லுக்குச் சவ்வில் நிறம் வேண்டும், அரைவட்டமானாலும் போதும். எதிர்ப்புச் செல்லுக்குச் சவ்விலோ உள்ளேயோ இருக்கலாம். பிளாஸ்மா செல் நிறமேறினாலும் கணக்கில் வராது. தொடங்குமுன் ஒப்பீட்டு டான்சிலைப் பார்க்க வேண்டும்: அதன் குழிகளின் ஓரத்தோல் அழுத்தமாக நிறமேறியிருக்க வேண்டும், வெளித்தோல் நிறமில்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய தொகுதியைப் படிக்கவே கூடாது.

விதிகள் மனப்பாடமாகின. ஆனால் தீவுக்குள் நுழைந்துவிட்ட மேக்ரோஃபேஜ், புற்றுச் செல்லின் சவ்வோடு ஒட்டி நிற்கும்போது அந்தப் பழுப்பு யாருடையது என்பதில் நெடுநாள் தடுமாறினேன். மேடம் பழைய ஸ்லைடுகளையே எண் மாற்றி மறுபடி கொடுப்பார். முதல் வாசிப்பும் இரண்டாம் வாசிப்பும் ஒத்துப்போகவில்லை. வேறொருவரோடு ஒத்துப்போகாததைவிட என்னோடு நானே ஒத்துப்போகாதது உறுத்தியது. விடை சிடி68 போட்ட அடுத்த சீவலில் இருந்தது. இரண்டு ஸ்லைடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தீவைத் தேடிப் பிடித்துப் பார்த்துப் பார்த்து, மேக்ரோஃபேஜின் உட்கரு அவரை விதை வடிவில் மடிந்து வெளிறியிருப்பதும், புற்றுச் செல்லின் உட்கரு பெருத்துக் கரடுமுரடாக இருப்பதும் மெல்லக் கண்ணில் தங்கின.

படிப்பின் இறுதிப் பகுதியில் ஒரு மாலை, சாதாரணச் சாயம் மட்டும் போட்ட ஸ்லைடைப் பார்த்து, சிடி8 எங்கே நிற்கும் என்று தாளில் பென்சிலால் நிழலிட்டேன். மேடம் கேட்டுச் செய்ததல்ல. மறுநாள் சிடி8 ஸ்லைடு ஆறிக் காய்ந்து வந்ததும் தாளோடு வைத்துப் பார்த்தேன். முனையில் நான் நிழலிட்ட இடமும் பழுப்பும் பெரிதும் பொருந்தின, ஓரிடத்தில் பொருந்தவில்லை. மேடம் பொருந்தாத இடத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு “ரிப்போர்ட்டை நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். அவர் வாயிலிருந்து நான் பெற்ற பெரிய பாராட்டு அதுவே.

சி.பி.எஸ். எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் இப்போது அறிவேன். பரவிய அல்லது திரும்ப வந்த தலை, கழுத்துப் புற்றுக்குப் பெம்ப்ரோலிசுமேப் மருந்தைத் தனியாக முதல் சிகிச்சையாகத் தர 2019இல் அமெரிக்கா அனுமதித்தபோது, சி.பி.எஸ். குறைந்தது 1 இருக்க வேண்டும் என்றது. 20ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். 2025இல் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதைக் கொடுக்க வந்த அனுமதியும் அதே 1ஐக் கேட்கிறது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே இருப்பது சில செல்கள். அவற்றைப் பெராக்ஸைடு புட்டியும் மெலனினும் ஃபார்மலின் பாட்டிலும் இருபுறமும் தள்ள முடியும். மருந்தின் விலையோ நம் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு எட்டாதது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமேப் மட்டும் மாத்திரைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் அச்சான அந்த ஆய்வில், ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16இலிருந்து 43ஆக உயர்ந்தார்கள். இத்தகைய வழி நம் ஊரில் விரியும்போது, யாருக்கு அது பலிக்கும் என்று கேட்பவர்களின் கூட்டமும் பெருகும். சி.பி.எஸ். ஒன்றே அதற்கு முழுப் பதிலாகாது. மதிப்பெண் குறைந்தும் பலன் பெற்றவர்கள் உண்டு, கூடியும் பெறாதவர்கள் உண்டு. அதனால்தான் எண்ணின் பக்கத்தில், செல்கள் நின்ற இடத்தையும் ஒரு வரியில் எழுதுகிறேன்.

இப்போது எனக்குப் பின் வந்த மாணவிகளுக்குச் சக்கரம் பிடிக்கச் சொல்லித் தருகிறேன். அண்ணா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வாக்கியத்தை அப்படியே சொல்கிறேன், அவர்களுக்கும் முதலில் விளங்குவதில்லை.

இதைப் படிக்கும் பல் மருத்துவர்களுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயாப்ஸி எடுக்கும்போது புண்ணின் நடுவில் மட்டும் கிள்ளாதீர்கள். கட்டியின் ஓரமும் அதை ஒட்டிய திசுவும் சேரட்டும். வெட்டியவுடன் ஃபார்மலினில் போடுங்கள். வெறும் உப்புநீரில் அனுப்ப வேண்டாம். துண்டுக்குப் பத்து மடங்கு கொள்ளும் பாட்டிலாக இருக்கட்டும். விண்ணப்பத் தாளில் நோயாளியின் பெயருக்குக் கீழே, துண்டு ஃபார்மலினில் விழுந்த நேரத்தையும் எழுதுங்கள். எழுத அரை நிமிடம் ஆகும். நாங்கள் கொடுக்கும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்பது பல நேரங்களில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.